கணிப்பியலும் உடல்நலமும்: நிதியுதவியுடன் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி செய்யும் நெறி

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் பிணைத்து நிற்கும் ஒடுங்கிய நிலமே ஆனையிறவு. ஒருபால் உப்பளம், மற்றொருபால் கடனீரேரி, நடுவே கண்டி வீதியும் புகையிரதப் பாதையும். ஒல்லாந்தர் இங்கே கோட்டை அமைத்துக் காவல் வைத்தனர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இதன்பொருட்டுப் பெரும் போர்கள் நிகழ்ந்தன. ஆதலின் வரலாறு எழுதுவோர் இவ்விடத்தைப் படை செல்லும் வாயிலாகவே பேசுவர். யாம் இக்கட்டுரையில் இதனை ஆராய்ச்சி மாணவன் ஒருவனுடைய கண்கொண்டு நோக்கப் புகுகின்றோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து, சிறப்புப் பட்டம் பெற்று மீளும் மாணவர் பலர், அதற்குமேல் ஆராய்ச்சி செய்வதென்பது பொருள் படைத்தோர்க்கே உரியது என எண்ணி, கிடைத்த உத்தியோகத்தில் அமர்ந்துவிடுகின்றனர். வேறு சிலர் வயலை ஈடுவைத்து, இடைத்தரகர் கையிற் பணத்தைக் கொடுத்து வெளிநாடு செல்ல முயல்கின்றனர். இரு சாராரும் அறியாதது ஒன்றுண்டு. விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி என்பது, நல்ல பல்கலைக்கழகங்களிலே, மாணவன் பணம் கட்டிப் பெறும் பண்டம் அன்று. மாணவனுக்கு வேதனம் கொடுத்துச் செய்விக்கப்படும் தொழிலாகும். இவ்வுண்மையை விளக்குதலும், கணிப்பியல் கொண்டு உடல்நலத்தை ஆராயும் துறை நம் மாணவர்க்கு எவ்வாறு பொருந்தும் என்று காட்டுதலும் எமது நோக்கமாம்.

1. துறை யாது?

நோயை ஆராய்வோன் கையில் நுணுக்குக்காட்டி இருத்தல் வேண்டும் என்பது பழைய எண்ணம். ஆயினும் நூறாண்டுகளுக்கு மேலாகவே எண்ணும் எழுதுகோலும் கொண்டு நோயை ஆராய்ந்தோர் உளர். அத்துறையின் தொட்டில் நமக்கு அயலதாகிய இந்தியாவிலேயே இருந்தது என்பதை மாணவர் அறிதல் நன்று.

1897 ஆம் ஆண்டு செக்கந்தராபாத்தில் பணிபுரிந்த றொனால்ட் றொஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமி அனோபிலிசு நுளம்பின் உடலில் வளர்வதைக் கண்டார். அதற்காக 1902 இல் நோபெல் பரிசு பெற்றார். அவர் அதனோடு நில்லாது மலேரியா பரவும் முறையைச் சமன்பாடுகளாக எழுதினார். அக்காலத்தார் பலர், ஓர் ஊரில் நுளம்பு ஒன்றேனும் எஞ்சினால் காய்ச்சல் ஒழியாது என்றனர். றொஸ் கணித்துக் கூறியது வேறு. நுளம்பின் தொகை ஒரு குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினாற் போதும். எஞ்சிய நுளம்புகள் இருக்கவும் நோய் தானே அருகிவிடும் என்றார். ஒழிக்க முடியாதெனக் கைவிடப்பட்ட வேலை, கணிதத்தால் செய்யத்தக்க வேலையாயிற்று.

1927 இல் கேர்மாக், மக்கென்றிக் என்னும் இருவர், மக்களை மூன்று வகுப்பாகப் பிரித்துக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். நோய் கொள்ளத்தக்கோர், நோயுற்றோர், நோயினின்று நீங்கியோர் என்பனவே அவ்வகுப்புகள். அவர்கள் தம் கணக்கைச் சரிபார்க்க எடுத்துக்கொண்டது 1905-06 இல் பம்பாயில் நிகழ்ந்த கொள்ளைநோயின் மரணக் கணக்காகும்.

மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரிலே, ஒருவரிலிருந்து ஒருவருக்கு நேரே தொற்றும் ஒரு காய்ச்சலால் பத்துப் பேர் நோயுற்றனர் எனக் கொள்க. ஊரார் அனைவரும் நோய் கொள்ளத்தக்கோராயின் ஒரு நோயாளி நாளொன்றுக்கு 0.3 பேருக்கு நோயைக் கொடுப்பார் என்றும், நோயாளருள் பத்தில் ஒரு பங்கினர் நாள்தோறும் குணமடைவர் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் நாளில் நோய் கொள்ளத்தக்கோர் 990. புதிதாக நோயுறுவோர் 10 × 0.3 × 0.99, அஃதாவது ஏறக்குறைய மூவர். குணமடைவோர் ஒருவர். ஆகவே மறுநாள் நோயாளர் 12. இவ்வாறே நாள்தோறும் கணித்துச் சென்றால் நோயாளர் தொகை ஏறிக்கொண்டே போகும். ஆயின் நோய் கொள்ளத்தக்கோர் தொகை ஆயிரத்தில் மூன்றிலொரு பங்காக, அஃதாவது ஏறக்குறைய 333 ஆகக் குறைந்ததும், புதிதாக நோயுறுவோரும் குணமடைவோரும் சமமாவர். அன்று முதல் நோய் இறங்கத் தொடங்கும். ஊரார் எல்லோரும் நோயுறுமுன்னரே கொள்ளைநோய் தணிவது ஏன் என்பது இதனால் விளங்கும். ஒரு நோயாளி தம் நோய்க்காலம் முழுவதும் மூவருக்கு நோயைக் கொடுக்கும் இக்காய்ச்சலை எழாமலே தடுக்க வேண்டின், தொற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தடுத்தாற் போதும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இக்கணக்கிற்குக் கணினி வேண்டுவதில்லை. ஆயின் நோய் நுளம்பு வழியாகப் பரவுமானால் நுளம்புக்கும் வகுப்புகள் வேண்டும். மழைக்கு ஏற்ப நுளம்பு பெருகுமானால் மழைக் கணக்கும் வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் தனி வரிசை, ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்வோருக்குத் தனி வரிசை எனச் சேர்த்தால், ஆயிரக்கணக்கான சமன்பாடுகள் ஒருங்கே நிற்கும். அங்கேதான் கணிப்பியல் விஞ்ஞானம் மருத்துவத்துக்குத் துணையாக வருகின்றது. குருதியோட்டத்தைக் கணித்தல், மருத்துவப் படங்களைக் கணினியாற் படித்தல், மரபணு வரிசைகளை ஒப்பிடுதல், புதிய மருந்து மூலக்கூறுகளைத் தேடுதல் ஆகியனவும் இத்துறையின் கிளைகளேயாம்.

2. நம் நிலத்தின் வினாக்கள்

ஆராய்ச்சிக்கு முதல் தேவை நல்ல வினா. அது நம்மிடம் குறைவின்றி உண்டு.

வன்னிக்குக் குடியேறச் செல்வோர் ஒரு காலத்திற் காட்டு விலங்கைவிட மலேரியாக் காய்ச்சலையே அஞ்சினர். 1934-35 இல் இலங்கையில் பரவிய மலேரியாவால் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் மாண்டனர். பின்னர் மருந்து தெளித்து அடக்கியதனால் 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. வேலை முடிந்தது என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1968-69 இல் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் ஏறிற்று. மீண்டும் நெடுங்காலம் முயன்று, 2012 இன் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லையென்னும் நிலை எய்தப்பட்டது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயின் அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிசு ஸ்ரெபென்சி என்னும் புதுவகை நுளம்பு கண்டறியப்பட்டது. நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பவல்லது அது. 1963 இன் பாடத்தை மறவாதிருப்போமாயின், இதன் பரவலைக் கணிப்பது யார் கடமை என்னும் வினா எழும்.

டெங்கு பற்றிய வினாவோ ஆனையிறவின் நீருக்கே உரியது. டெங்கைப் பரப்பும் நுளம்புகள் தெளிந்த நன்னீரிலே மட்டும் முட்டையிடும் என்பதே நெடுங்காலம் பாடநூற் கொள்கையாயிருந்தது. நுளம்பு ஒழிப்போரும் நன்னீர் தேங்கும் பாத்திரங்களையே தேடினர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறையைச் சேர்ந்த சுரேந்திரனும், ரஞ்சன் இராமசாமி முதலியோரும் நம் கரையோரங்களில் ஆராய்ந்து, அந்நுளம்புகளின் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்தலைக் கண்டு 2011 இல் வெளியிட்டனர். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த உவர்ப்புள்ள நீரிலும் குடம்பிகள் காணப்பட்டன. பெருஞ்செலவில் அமைந்த ஆய்வுகூடம் ஒன்று கண்டுசொன்ன உண்மை அன்று இது. கைவிடப்பட்ட கிணற்றையும் கரையில் எறியப்பட்ட கலத்தையும் பொறுமையோடு நோக்கியவர்கள் கண்ட உண்மை. கடல்மட்டம் உயர்ந்து உவர்நீர் நிலத்தினுட் புகுந்தால் டெங்கு கூடுமா, குறையுமா? இதற்கு விடை கணிப்பியலாலேயே வரல் வேண்டும்.

நீர் பற்றிய வினா இன்னும் பழையது. கனகராயன் ஆறு இரணைமடுவை நிறைத்து, எஞ்சிய நீரை ஆனையிறவுக் கடனீரேரியிற் சேர்க்கின்றது. அவ்வேரியின் வாய்களை அடைத்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்லும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டத்தைப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் வகுத்தார். வேலை ஒரு பகுதி நடந்து, முற்றுப்பெறாது நின்றது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரிலே பசளையின் நைத்திரேற்றும் மலக்கழிவின் மாசும் சேர்வதையும், வவுனியாவை அடுத்த வறண்ட பகுதிகளிற் காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் பரவியிருப்பதையும் யாவரும் அறிவர். எவ்வூரில் எந்நீரை எத்தனை ஆண்டு குடித்தோர் நோயுற்றனர் என்பதைத் தொகுத்துக் கணிப்போர் தேவை.

2024 டிசெம்பரில், பெருமழை வெள்ளத்தின் பின்னர், யாழ்ப்பாண மாவட்டத்தில் இனந்தெரியாக் காய்ச்சலால் மக்கள் இறந்தனர். அது எலிக்காய்ச்சல் எனப் பின்பு தெளிந்தது. வெள்ளம் வடிந்து எத்தனை நாளில் காய்ச்சல் எழும் என்று முன்னரே கணித்து வைத்திருந்தால் மருத்துவமனைகள் எச்சரிக்கையோடு இருக்கும். எண்கள் உயிர்காக்கும் என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று.

3. முன் சென்றோர்

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்ற சி. ஜெ. எலியேசர் கேம்பிரிட்ஜ் சென்று, பேரறிஞர் டிராக்கின் கீழ் ஆராய்ந்து, பின் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியரானார். அதே கல்லூரியிலிருந்து வந்தவர் அ. துரைராசா. அவரும் கேம்பிரிட்ஜில் மண்ணின் வலிமையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் சேர்ந்து அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை, களிமண் பாரந் தாங்கும் முறையைக் கணிப்பதற்கு அடிப்படையாயிற்று. இன்று அணையோ அத்திவாரமோ கணினியில் வரைந்து சோதிக்கும் பொறியியலாளர் உலகெங்கும் கையாளும் கணிப்பு முறைகளின் வேரில் அவ்வாராய்ச்சி உண்டு. அவர் தாயகம் மீண்டு, போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணிபுரிந்து 1994 இல் மறைந்தார். பிரின்ஸ்ரனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற முருகேசு சிவபாலன், நீரளவை இல்லாத ஆறுகளின் ஓட்டத்தைக் கணிக்கும் உலக முயற்சி ஒன்றைத் தொடக்கி வழிநடத்தியவர். அது 2003 முதல் 2012 வரை நடந்தது.

இன்று மாணவர்க்குக் களமும் அண்மையிலேயே உண்டு. ஆனையிறவைக் கடந்து பரந்தன், கிளிநொச்சி வழியே தெற்கு நோக்கிச் சென்றால் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ற் 1 ஆம் நாள் முதல் தனிப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. ஆராய்ச்சிக்கு முதற்படியை இங்கேயே வைக்கலாம்.

4. நிதியுதவியின் வகைகள்

உதவி பலவகைப்படும். அவற்றின் வேறுபாட்டை அறியாது விண்ணப்பிப்போர் வீணே காலம் இழப்பர்.

முதலாவது, சம்பளப் பதவி. சுவீடன், நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து முதலிய நாடுகளிலே கலாநிதிப் பட்ட மாணவன் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியனாகவே நியமிக்கப்படுகின்றான். வெற்றிடம் விளம்பரப்படுத்தப்படும், ஏனைய உத்தியோகம் போலவே விண்ணப்பித்தல் வேண்டும். யேர்மனியிலும் இத்தகைய பதவிகள் மிகுதி. அங்கெல்லாம் முதுமாணிப் பட்டத்தைப் பொதுவாக எதிர்பார்ப்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி கலாநிதி வலையமைப்புகள் எந்நாட்டவரையும் ஏற்கும். ஆயின் சேரவிருக்கும் நாட்டில் முந்திய 36 மாதங்களுள் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருத்தல் ஆகாது என்பது விதி. நம் ஊரிலிருந்தே நேராகச் செல்வோர்க்கு இவ்விதி தடையாகாது.

இரண்டாவது, ஆராய்ச்சி உபகாரச் சம்பளம். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இது வழக்கம். பிரித்தானிய அரச ஆராய்ச்சி நிறுவனம் 2025-26 கல்வியாண்டுக்கு வகுத்த ஆகக் குறைந்த வாழ்க்கைப்படி 20,780 பவுண். 2021 முதல் வெளிநாட்டாரும் இதற்குத் தகுதியுடையராயினும் அவர்க்குரிய இடம் வரையறுக்கப்பட்டுள்ளது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சில உதவிகள் உள்நாட்டு மாணவரின் கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்யும். வெளிநாட்டு மாணவருக்குரிய மேலதிகக் கட்டணத்தை யார் கொடுப்பார் என்பதை முதலிலேயே எழுதிக் கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, உதவியாளர் பதவி. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் மாணவன் கற்பித்தலிலோ ஆராய்ச்சியிலோ உதவிபுரிய, கட்டணம் நீக்கப்பட்டு வேதனமும் தரப்படும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துடன் நேரே கலாநிதி வகுப்பிற் சேரும் வாய்ப்பு அமெரிக்காவில் மிகுதி. விண்ணப்ப முடிவு நாள் பெரும்பாலும் டிசெம்பரில் வரும்.

நான்காவது, அரசுகள் தரும் புலமைப்பரிசில். பொதுநலவாயப் புலமைப்பரிசிற் திட்டம் 1959 இல் ஒக்ஸ்போட்டிற் கூடிய மாநாட்டில் வகுக்கப்பட்டது. யப்பான் கல்வி அமைச்சின் பரிசிலும் யேர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவையின் பரிசிலும் அறியத்தக்கன. இவற்றின் விதிகள் ஆண்டுதோறும் மாறுமாதலின் உரிய தூதரகத்தின் அறிவித்தலையே நம்புக.

ஐந்தாவது, உள்நாட்டு உதவி. தேசிய ஆராய்ச்சிச் சபை, தேசிய விஞ்ஞான மன்றம் ஆகியவற்றின் நிதிபெறும் திட்டங்களில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து, அவ்வேலையையே உயர்பட்டத்துக்குப் பதிவுசெய்யலாம். பணம் குறைவு, ஆயினும் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இவ்வழியில் வெளிவந்தால், ஏனைய நான்கு வழிகளும் எளிதாகும்.

5. ஆயத்தம் செய்யும் முறை

கணிதத்தில் நேர்கோட்டு அட்சரகணிதம், வகையீட்டுச் சமன்பாடு, நிகழ்தகவு, புள்ளிவிவரவியல் ஆகிய நான்கும் தூண்கள். பைத்தன், ஆர் என்னும் கணினி மொழிகள் இலவசமாகக் கிடைப்பன. இரண்டில் ஒன்றையேனும் ஐயமறக் கற்க. மருத்துவ, உயிரியல் மாணவர் கணிதத்தை அஞ்சாமலும், கணித மாணவர் உயிரியலை இகழாமலும் இருத்தல் வேண்டும்.

பயிற்சிக்கு எண்கள் தேடி அலைய வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் எனத் தனித்தனி வரிசையில் டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் முதலிய நோய்களின் தொகை தரப்படுகின்றது. ஐந்தாண்டு அறிக்கைகளைத் தொகுத்து, அதே வாரங்களின் மழையளவோடு ஒப்பிட்டு, மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையே எத்தனை வாரம் செல்கின்றது என்று கணிக்க. இதுவே ஒரு சிற்றாராய்ச்சி. இதனைச் செய்து முடித்தவன், மேற்பார்வையாளருக்கு எழுதும் கடிதத்தில் வெறும் ஆர்வத்தைக் கூற வேண்டியதில்லை. தான் செய்ததையே கூறலாம்.

அக்கடிதம் ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. பேராசிரியரின் கட்டுரைகளுள் இரண்டையேனும் படித்து, அவற்றில் எழுந்த ஒரு வினாவையும், தன் ஊரின் ஒரு வினாவையும், தான் செய்த ஒரு வேலையையும் கூறுதல் போதும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவோர்க்கு மறுமொழி வாராது. பரிந்துரை செய்யும் ஆசிரியருக்கு ஒரு மாதம் முன்னரே அறிவித்தல் மரியாதை. ஆங்கிலத் தகுதித் தேர்வைக் கடைசி நாளுக்கு ஒத்திவைத்தல் தவறு. இடம்பெயர்வில் சான்றிதழ்களை இழந்த குடும்பத்தார், பரீட்சைத் திணைக்களத்திடம் பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டுப் பெறலாம். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கட்டணம் அறவிடும். இயலாமையை எழுதிக் கேட்போர்க்கு அதனை நீக்குவதும் உண்டு. ஆனால் ஆராய்ச்சி இடம் வாங்கித் தருவோம் என்று பணம் கேட்பவர் எவராயினும் அவரை விட்டு விலகுக. நன்மதிப்புள்ள எப்பல்கலைக்கழகமும் அவ்வாறு இடம் விற்பதில்லை.

6. சென்றோரும் நின்றோரும்

பெற்றோர் ஒருவர் கேட்கக்கூடும்: "எங்கள் பிள்ளையை அனுப்பிவிட்டால் அவன் திரும்புவானா?" இவ்வினா நியாயமானது. சென்றவருட் பலர் மீளவில்லை என்பதும் உண்மை. எல்லோரும் மீள்வர் என்று யாம் உறுதி கூற மாட்டோம். ஆயின் போகாதிருப்பதனால் நம் வினாக்கள் விடைபெறுவதும் இல்லை. பல்கலைக்கழக விரிவுரையாளராய்ச் சேர்ந்து படிப்பு விடுமுறையிற் செல்வோர் மீண்டுவந்து பணிபுரியும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவர். அது ஒரு வழி. அங்கே ஆராய்பவன் ஆனையிறவு நீரையும் கிளிநொச்சிக் காய்ச்சலையும் தன் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளுதல் மற்றொரு வழி. நோய்க்கணக்கு எங்கிருந்தும் செய்யத்தக்கதாகலின், உடல் அப்பாலிருப்பினும் உழைப்பு இங்கு வரும்.

பழைய மாணவரிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருப்போர் ஆண்டுக்கு ஒரு மாணவனின் விண்ணப்பக் கடிதத்தையாவது படித்துத் திருத்திக் கொடுத்தல் வேண்டும். ஊரில் இருப்போர் தேர்வுக் கட்டணத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் உதவும் சிறுநிதி ஒன்றைச் சங்கத்தின் பெயரால் ஏற்படுத்தலாம். ஆசிரியர்கள் உயர்தர வகுப்பிலேயே வாராந்த அறிக்கையின் எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். மாணவரோ, நாளைக்கு என்று வையாது, இவ்வாரத்து அறிக்கையின் கிளிநொச்சி வரிசையிலிருந்தே தொடங்குவாராக.